இணைப்பு விட்டுப்போகும்போது

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கநிலை ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறோம். நம்மில் யாருடைய வகுப்புக்கும் என்றாவது ஒரு நாள் வரக்கூடிய ஒரு சிறு கருவியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் உடலில் இன்சுலின் போதுமான அளவு சுரப்பதில்லை. அவர்கள் நாள்தோறும் ஊசி வழியாக இன்சுலின் எடுத்துக்கொள்கிறார்கள். மதிய உணவு தாமதமானாலோ, விளையாட்டு வகுப்பில் கூடுதலாக ஓடினாலோ, இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். இதை முன்கூட்டியே அறியச் சில குழந்தைகள் மேற்கையின் பின்புறத்தில் வட்டமான ஓர் உணரியை ஒட்டியிருப்பார்கள். அது தோலுக்கடியில் உள்ள திரவத்தில் சர்க்கரை அளவைப் பார்த்து, புளூடூத் வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும். அளவு குறைந்தால் கைப்பேசி ஒலி எழுப்பும்.

ஓர் உணரியின் விலை சில ஆயிரம் ரூபாய். இரண்டு வாரம் போல உழைக்கும். அதனால் நம் பள்ளிகளில் இதை அணிந்தவர்கள் இன்று குறைவு. ஆனாலும் ஒரு குழந்தை வந்தால் போதும், அந்தக் கருவி நம் பொறுப்பில் வந்துவிடுகிறது. அதைப் பற்றி நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதன் இணைப்பு அடிக்கடி விட்டுப்போகும் என்பதுதான்.

ஏன் விட்டுப்போகிறது?

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபையும் அதே இடத்தைப் பயன்படுத்துவதுண்டு. இந்த அலைகளை நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மனித உடலில் பாதிக்கு மேல் நீர். ஆகவே குழந்தையின் உடலே உணரிக்கும் கைப்பேசிக்கும் நடுவில் ஒரு சுவராக நிற்கிறது. இத்துடன் செங்கல் சுவர், இரும்பு பீரோ, தூரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2 போன்ற கருவிகளுக்குத் தடையில்லாத இடத்தில் சுமார் 6 முதல் 10 மீட்டர் வரைதான் எல்லை. நம் வகுப்பறை ஒன்றின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி என்ன செய்கிறது?

அதை வடிவமைத்தவர்கள், இணைப்பு அறும் என்று தெரிந்தேதான் வடிவமைத்திருக்கிறார்கள். லிப்ரே 2 உணரி ஒவ்வொரு நிமிடமும் அளக்கிறது. இணைப்பு போனாலும் அளப்பது நிற்பதில்லை. 8 மணி நேரத் தரவை உணரி தன்னிடமே வைத்திருக்கும். கைப்பேசியை உணரியின் மிக அருகில் கொண்டுசென்று ஸ்கேன் செய்தால், விட்டுப்போன நேரத்தின் அளவுகள் வரைபடத்தில் வந்து நிரம்பும். 8 மணி நேரம் தாண்டினால் பழையவை அழிந்து, அந்த இடம் வெற்றாகவே இருக்கும். 20 நிமிடம் தொடர்ந்து சிக்னல் வராவிட்டால் கைப்பேசி அதற்கென ஓர் எச்சரிக்கை தரும்.

அந்த இடைவெளியில் வரைபடம் நிரம்பிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அடிக்க வேண்டிய எச்சரிக்கை ஒலி அடித்திருக்காது. சர்க்கரை 10.30 மணிக்குக் குறைந்து, நமக்கு 11 மணிக்குத் தெரிந்தால் என்ன பயன்? எனவே ஒலி வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று எண்ணக் கூடாது.

இதை நமக்குப் பழக்கமான வருகைப்பதிவேட்டைக் கொண்டே விளக்கலாம். ஒரு நாள் வருகை எடுக்கவில்லை என்றால், அன்று மாணவர் எல்லோரும் வந்தார்கள் என்றும் எழுத முடியாது, வரவில்லை என்றும் எழுத முடியாது. கட்டம் வெற்றாக இருக்கிறது, அவ்வளவுதான். விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது பள்ளிகளின் பொது நடைமுறை. ஆனால் இந்தக் குழந்தைக்குக் கைப்பேசி, கருவியின் மறுபாதி. அதை வாங்கித் தலைமையாசிரியர் அறையில் பூட்டிவைத்தால் எச்சரிக்கை யாருக்கும் கேட்காது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், இத்தகைய குழந்தைகள் வகுப்பில் சர்க்கரையைப் பரிசோதிக்கவும், இன்சுலின் போடவும், இடையில் சிற்றுண்டி சாப்பிடவும் அனுமதிக்க வேண்டும் என்றும், தேர்வின்போது கைப்பேசி தேவைப்பட்டால் அதை ஆசிரியரிடமோ அறைக் கண்காணிப்பாளரிடமோ வைக்கலாம் என்றும் கூறியுள்ளது. அந்த வழியே நல்ல வழி. கைப்பேசி வகுப்பாசிரியரின் மேசைமேல் இருக்கட்டும். பாடவேளை மாறும்போது அடுத்த ஆசிரியரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். விளையாட்டு வகுப்புக்கு உடற்கல்வி ஆசிரியரோடு மைதானத்துக்குப் போகட்டும். புளூடூத் இயங்குகிறதா, செயலி மூடப்படாமல் இருக்கிறதா, மின்னேற்றம் இருக்கிறதா, ஒலி அடக்கப்படாமல் இருக்கிறதா என்று காலையில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

சிக்னல் போய்விட்டதா? முதலில் குழந்தையைப் பாருங்கள். வியர்வை, நடுக்கம், கடும் பசி, எரிச்சல், குழப்பமான பேச்சு இருந்தால் இணைப்பைச் சரிசெய்து கொண்டிருக்க வேண்டாம். விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். 70 மி.கி.க்குக் கீழே இருந்தாலும், பார்க்க வழியில்லாவிட்டாலும், 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குழந்தையைத் தனியே எங்கும் அனுப்பாதீர்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; உடனே 108ஐ அழைக்க வேண்டும். உணரி காட்டும் எண் இரத்தத்தின் அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கும் என்பதால், எண்ணும் குழந்தையின் நிலையும் ஒத்துப்போகாதபோதும் குளுக்கோமீட்டரையே நம்ப வேண்டும்.

வகுப்பறையில் பாடமாக்கலாம்

ஒரு கைப்பேசியும் ஒரு புளூடூத் ஒலிபெருக்கியும் போதும். பாட்டு அறுபடும் வரை கைப்பேசியோடு விலகி நடந்து, மாணவர்கள் அடிகளை எண்ணட்டும். அடுத்து, நடுவில் நான்கு பேர் நெருங்கி நிற்க மீண்டும் நடக்கட்டும். பிறகு சுவருக்கு அப்பால். மூன்று எண்களையும் அட்டவணையிட்டால் அலைகள் பற்றிய பாடம் தானே வந்துவிடும். தொடக்க வகுப்புகளில், மணிக்கொருமுறை வெப்பநிலையைக் குறிக்கச் செய்து, இடையில் ஒரு மணியை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். வரைபடத்தில் அந்த இடத்தில் பூஜ்ஜியம் போடலாமா, கோட்டை இணைக்கலாமா, வெற்றாக விடலாமா என்று கேளுங்கள். நல்ல விவாதம் நடக்கும்.

இந்தப் பாடத்தின்போது உணரி அணிந்த மாணவரை எழுப்பிக் காட்சிப்பொருளாக்க வேண்டாம். அவராகவே விரும்பினால் பேசட்டும்.

நாளை பள்ளிக்குச் சென்றதும் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். உங்கள் பள்ளியில் முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை யாராவது இருக்கிறாரா என்று விசாரித்து, பெற்றோரிடம் பேசி, மருத்துவர் சொன்னவற்றை எழுதி வாங்கி வையுங்கள். முதலுதவிப் பெட்டியில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் வையுங்கள். அதற்குக் கருவியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.