பால் பட்ட இடத்தில் எழும் தடிப்பு

(தோட்டப் பொதுமண்டபமொன்றில் தாய்மார்களும் ஆயாமார்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



இருள் பிரியுமுன் எழுந்து, மரம் சீவி, பால் எடுத்து, நிறுவைக் கணக்கு முடித்து, களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கிறீர்கள். நானும் பாலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மரத்துப் பாலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. குழந்தைகளுக்குப் புட்டியில் ஊட்டுகிறோமே, அந்தப் பசும்பாலையும் மாவுப்பாலையும் பற்றியே பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். லயத்து வாசலில் ஒன்பது மாத ஆண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளந்தாய் கண்கலங்கி அமர்ந்திருந்தார். பாட்டியார் பால் கலந்த தேநீரைக் குடித்த வாயோடு பேரனைக் கொஞ்சி முத்தமிட்டிருக்கிறார். முத்தம் பட்ட கன்னத்தில் செந்நிறத் தடிப்புகள் எழுந்திருந்தன. “காணாக்கடி” என்றார் ஒருவர். “கண்ணேறு” என்றார் மற்றொருவர். “நீ கண்டதையும் தின்கிறாய், தாய்ப்பாலில் சூடு ஏறிவிட்டது” என்று மாமியார் மருமகளைக் கடிந்துகொண்டார். ஆசிரியர் பயிற்சி பெற்றவர் என்பதால் என்னைக் கேட்டார்கள். நானும், “வெயில் சூடுதான், சரியாகிவிடும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது பிழை. மூன்று வாரம் கழித்து, ஆயாக் கொட்டகையில் வேறொரு பிள்ளையின் புட்டிப்பாலை அக்குழந்தைக்கு யாரோ புகட்டிவிட்டார்கள். பத்து நிமிடத்திற்குள் முகம் வீங்கி, வாந்தியெடுத்து, மூச்சு இரைக்கத் தொடங்கிவிட்டது. தோட்டத்து வண்டியில் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனதால் பிள்ளை பிழைத்தான். கன்னத்துத் தடிப்பு முன்கூட்டியே வந்த எச்சரிக்கை என்பதை நான் அப்போது அறியவில்லை. அதன் பின்னரே மருத்துவர்களைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

இதற்கு ஒவ்வாமை என்று பெயர். ‘அலர்ஜி’ என்று நாம் வழங்கும் சொல்லை 1906ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே ஆவார். நம் உடலுக்குள் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் காவற்படை ஒன்று உண்டு. தோட்டத்து ஜாகா, விருந்தாளியைத் திருடன் என்று எண்ணி விசிலடித்து ஊரையே எழுப்பிவிட்டால் எப்படியிருக்கும்? அதுபோலவே சில குழந்தைகளின் உடல், பாலிலுள்ள புரதத்தைப் பகையென்று தவறாக எண்ணிப் போர் தொடுக்கிறது. அந்த அமளியே தடிப்பாகவும் வீக்கமாகவும் இரைப்பாகவும் வெளிப்படுகிறது. நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கக்கூடும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் கணக்கு.

பால் திரிந்தால் கட்டியாக நிற்பதில் கேசின் என்னும் புரதமும், பிரிந்து நிற்கும் தெளிநீரில் வேறு சில புரதங்களும் உள்ளன. குற்றவாளிகள் இவையே. பாலைக் காய்ச்சினால் கேசின் போய்விடாது. ஆட்டுப்பாலுக்கு மாறலாமே என்று கேட்பீர்கள். கூடாது, ஆட்டுப்பாலின் புரதமும் எருமைப்பாலின் புரதமும் பசும்பாலினதைப் பெரிதும் ஒத்தவை. பெரியவர்கள் சிலருக்குப் பால் குடித்தால் வயிறு உப்பிப் போகிறதே, அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காத தொல்லை. அது வேறு, இது வேறு.

பால் உள்ளே போனால் சில பிள்ளைகளுக்குச் சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இருமல் தோன்றும். வேறு சிலருக்குப் பல மணி நேரமோ சில நாளோ சென்று வயிற்றுப்போக்கு ஏற்படும். மலத்தில் இரத்தமும் காணலாம்.

இனி, தோலில் படும் செய்திக்கு வருகிறேன். ஒவ்வாமையுள்ள குழந்தையின் மேனியில் பால் சிந்தினால், பட்ட இடத்தில் மட்டும் சிவந்து தடித்து அரிக்கும். பெரும்பாலும் அது அந்த இடத்தோடு நின்று, கழுவியபின் தணிந்துவிடும். தோலில் பட்டதால் மட்டுமே உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. ஆயினும் குழந்தையின் கை எங்கே போகும்? வாய்க்கும் கண்ணுக்கும் போகும். சிந்திய பாலைத் தொட்ட விரலைச் சப்பினால் பால் உள்ளே சென்றதற்கு ஒப்பாகும். ஆகையால் உடனே சோப்பும் நீரும் கொண்டு கழுவி, நனைந்த சட்டையை மாற்றுங்கள். துணியால் ஒற்றியெடுத்தால் மட்டும் போதாது.

கரப்பான் உள்ள குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். வெடித்து உரிந்த தோல், ஓலை விலகிய கூரை போன்றது; உணவின் புரதம் அவ்வழியே நுழைந்து உடலுக்குப் புதிதாக ஒவ்வாமையையே கற்பித்துவிடக்கூடும் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மேனி மினுங்கட்டும் என்று பாலாடையும் வெண்ணெயும் பூசும் வழக்கம் நம்மிடையே உண்டு. பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம். கரப்பான் தோலுக்கு அது ஆகாது. தைப்பூசத்தில் பால்குடம் ததும்பும் நெரிசலுக்குள் இத்தகைய பிள்ளையைத் தோளில் சுமந்து செல்வோர் சற்று விலகி நின்று தரிசனம் செய்யலாம். முருகன் பொறுத்துக்கொள்வான்.

ஐயம் தோன்றினால் வீட்டிலேயே பாலைத் தடவியோ ஒரு மடக்கு புகட்டியோ சோதித்துப் பார்க்காதீர்கள். என்ன கொடுத்தீர்கள், எத்தனை நிமிடத்தில் என்ன கண்டது என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், குரல் மாற்றம், துவண்டு போதல் இவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் 999ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சுக்குத் திணறினால் சாய்வாக மடியில் அமர்த்திக்கொள்ளுங்கள். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. மருத்துவர் அதைக் கையில் கொடுத்திருந்தால் தயங்காமல் உடனே போடுங்கள்.

தாய்மார்களே, இதைக் கேட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். சில வேளைகளில், தாய் உண்ணும் பால் பண்டங்களைச் சிறிது காலம் விலக்கச் சொல்வார் மருத்துவர்; அவர் சொன்னால் மட்டும் செய்க. புட்டிப்பால் தேவைப்படும் பிள்ளைக்குப் புரதத்தை நுண்ணியதாகச் சிதைத்துத் தயாரித்த தனி மாவுப்பால் உண்டு. விலை கூடுதல்தான். அதற்காக டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலைக் கரைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணாதீர்கள். அதுவும் பசும்பாலே, ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்குங்கூட அது உணவாகாது. 1939ஆம் ஆண்டிலேயே மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் இதைக் கண்டித்து, ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றியிருக்கிறார்.

கடையில் வாங்கும் ரொட்டி, பிஸ்கட் உறைகளைப் படித்துப் பாருங்கள். பால் சேர்ந்திருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. சூசு, மெந்தேகா, கேஜு, வெய், கேசின் என்று எதைக் கண்டாலும் அதில் பால் உண்டு. உங்களுக்குப் படிக்கக் கடினமாக இருந்தால் பள்ளிக்குச் செல்லும் மூத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், அவனுக்கும் பயிற்சியாகும்.

பெரும்பாலான குழந்தைகள் வளர வளர இதிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். ஆனால் எப்போது மீண்டும் பால் கொடுக்கலாம் என்பதை மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும்.

நான் கூறிய அந்தப் பையன் இன்று பள்ளிக்குச் செல்கிறான். மருத்துவர் அனுமதித்தபின் மைலோகூட அருந்துகிறான். அவனுடைய பாட்டியார், அனுமதி கிடைக்கும் வரையில், தேநீர் குடித்தால் வாயும் கையும் கழுவிய பிறகே பேரனைத் தூக்கினார். அந்தத் தோட்டத்து ஆயா ஒவ்வொரு புட்டியிலும் பிள்ளையின் பெயர் எழுதிய துணிப்பட்டை கட்டி வைத்திருக்கிறார். இங்குள்ள ஆயாமார்கள் அதைப் பார்க்க விரும்பினால், அவர் கொடுத்த பட்டையொன்றை மேசைமீது வைத்திருக்கிறேன்.