கழுவி ஓயாத கைகள்



பீலிக்கரையில் விறைக்கும் குளிரிலும் கைகளை ஓயாது கழுவும் பெண்ணை நாம் கண்டிருக்கிறோம். ஓயாமல் தோளைக் குலுக்கிக் கண்ணைச் சிமிட்டும் சிறுவனையும் அறிவோம். அவளைக் கோடாங்கியிடம் கூட்டிச் செல்கிறோம், அவனுக்குப் பிரம்படி. இரண்டும் மூளையோடு தொடர்புடைய நோய்கள் என்று எத்தனை பேர் எண்ணினோம்?

சிறுவனுடையதைப் போன்ற நோயைப் பிரெஞ்சு வைத்தியர் ஜில் டி லா டூரெட் 1885-இல் ஒன்பது நோயாளரைக் கொண்டு விவரித்தார். மூளையின் முன்புறத்துக்கும் அடியாழத்துக்கும் இடையே ஓடும் செய்திச் சுற்று அடங்காமையே இரு நோய்க்கும் அடிப்படையென இன்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

கழுவும் நோயை ஆராய்ந்தோருள் நம்மவரும் ஒருவர். 1951-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் சான் டியேகோவில் மனோதத்துவப் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரனே அவர். கையிழந்தோர்க்கு, இல்லாத கையில் எழும் நோவைக் கண்ணாடிப் பெட்டியால் தணிக்க வழி கண்டவர். அதே போக்கில் இன்னொன்று: நோயாளியின் கையை மறைத்து, எதிரே இறப்பர்க் கையை வைத்து, இரண்டையும் ஒரே வேளையில் தூரிகையால் வருடினால், சில நிமிடத்தில் இறப்பர்க் கை தன் கையென்றே தோன்றும். பிறகு அதில் அழுக்கைப் பூசினால் அருவருப்பு நோயாளிக்கு! பாலண்ட் ஜலால் முதலியோருடன் 2020-இல் இதனை வெளியிட்டார். அழுக்கைத் தொட்டும் கழுவாதிருக்கப் பழக்கும் சிகிச்சை முன்பே உண்டு. அதற்கு அஞ்சுவோர்க்கு இது முதற்படியாகலாம். (கோடாங்கி கேட்கும் சேவலிலும் இறப்பர்க் கை மலிவுதான்!)

சிறுவனுக்கும் பயிற்சியுண்டு. குலுக்கலுக்கு முன் எழும் உந்துதலை உணர்ந்து, எதிரான அசைவைச் செய்து பழகுவது. வயது ஏறத் தானே தணிவதும் உண்டு. பிரம்போ பதற்றத்தை ஊட்டும். பதற்றத்தில் தோள் இன்னும் குலுங்கும்.