குத்துச்சண்டையில் எளியவன் வென்றது எப்படி?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். "குத்துச்சண்டைக்கும் இந்த மேடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நாம் குத்துச்சண்டை தெரிந்தவரும் அல்ல. ஒருவன் முகத்தில் ஒருவன் குத்துவதை ஊரார் காசு கொடுத்துப் பார்ப்பது பெரிய நாகரிகம் என்று சொல்ல வந்தவரும் அல்ல. ஆனால் ஒரு காரியம் நடந்தால் அது ஏன் நடந்தது என்று கேட்பதுதான் நமது வேலை. உலகமே "இது நடக்காது" என்று சொல்லியிருந்த ஒரு காரியம் நடந்துவிட்டால், அதற்கு ஜனங்கள் என்னென்ன காரணம் கற்பிக்கிறார்கள், உண்மையான காரணம் என்ன என்று பார்ப்பது நமக்கும் உங்களுக்கும் பிரயோஜனமான காரியமேயாகும்.

1935-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த லாங் ஐலண்ட் சிட்டி என்னும் இடத்தில், மாடிசன் ஸ்கொயர் கார்டன் பவுல் என்ற திறந்தவெளி மைதானத்தில், ஹெவி வெயிட் என்று சொல்லப்படும் கனத்த எடைக்காரர்களின் உலக சாம்பியன் பட்டத்துக்குச் சண்டை நடந்தது. பட்டத்தை வைத்திருந்தவர் மாக்ஸ் பேர். எதிர்த்து வந்தவர் ஜேம்ஸ் பிராடக். பந்தயம் கட்டுகிறவர்கள் பேருக்குப் பத்துக்கு ஒன்று என்று கட்டினார்கள். அதாவது, பிராடக் பேரில் ஒரு ரூபாய் கட்டி அவர் ஜெயித்துவிட்டால் பத்து ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். தோற்கப்போகிறவன் என்று அவ்வளவு நிச்சயமாகத் தீர்மானித்திருந்தார்கள்.

அவர்கள் அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பேருக்கு வயது இருபத்தாறு, பிராடக்குக்கு முப்பது. பேருடைய உடல் எடை சுமார் பதினைந்து பவுண்டு அதிகம். அவருடைய வலது கைக் குத்துக்கு எல்லோரும் அஞ்சினார்கள். 1930-ல் அவரோடு சண்டையிட்ட பிராங்கி காம்ப்பெல் என்பவர் அந்த அடியிலேயே இறந்து போனார். (அதற்காகப் பேரைக் கொடியவர் என்று சொல்லுவது சரியல்ல, அந்தச் சாவுக்காக அவர் வெகுகாலம் வருந்தினார்.) 1934-ல் கார்னெரா என்ற மலைபோன்ற ஆளைப் பதினொரு தடவை கீழே தள்ளித்தான் பேர் அந்தப் பட்டத்தைப் பெற்றார்.

பிராடக்கின் கதையோ வேறு. அவர் 1929-ம் வருஷம் ஜூலை மாதத்தில், ஒரு படி குறைந்த எடைக்காரர்களின் பட்டத்துக்காக டாமி லாப்ரன் என்பவரோடு பதினைந்து சுற்று ஆடித் தோற்றார். அதே வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்து, பெரிய மந்தம் வந்தது. சேர்த்து வைத்திருந்த பணம் போயிற்று. வலது கை எலும்பு திரும்பத் திரும்ப உடைந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத் தோல்வி. மொத்தத்தில் இருபதுக்கு மேற்பட்ட தோல்விகள். 1933-ல் மறுபடியும் கை உடைந்தபோது சண்டைத் தொழிலே அவருக்கு முடிந்து போயிற்று. வீட்டில் மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள்.

பிறகு அவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனார். அந்தக் காலத்தில் நியூயார்க் துறைமுகப் பகுதியில் கூலிக்கு ஆள் எடுத்த முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலையில் வேலை வேண்டியவர்கள் எல்லாம் வட்டமாக வந்து நிற்க வேண்டியது. மேஸ்திரி வந்து, "நீ வா, நீ வா" என்று விரலைக் காட்டிப் பொறுக்கி எடுக்க வேண்டியது. மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. சந்தையில் மாடு பிடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்த வழக்கம் 1953-ல் அரசாங்கம் தனியாக ஒரு கமிஷன் ஏற்படுத்திய பிறகுதான் ஒழிந்தது. 1933-ல் அமெரிக்காவில் வேலை செய்யத் தக்கவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆதலால் அந்த வட்டத்தில் நின்ற பிராடக்கை மேஸ்திரி எல்லா நாளும் கூப்பிட்டுவிடவில்லை. கடைசியில் அவர் அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுத்த உதவிப் பணத்துக்கு மனுப் போட்டு வாங்கினார். உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்ட மனிதன், கையேந்தி வரிசையில் நின்றான்.

1934-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி, மேலே சொன்ன கார்னெரா - பேர் சண்டை நடந்த அதே மைதானத்தில், அதே இரவில், பெரிய சண்டைக்கு முன்னால் ஆடச் சில சில்லறைச் சண்டைகள் வேண்டியிருந்தன. கார்ன் கிரிபின் என்ற வளர்ந்துவரும் வாலிபருக்கு எதிரில் நிற்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இரண்டு நாள் அவகாசத்தில், அடிபடுவதற்கு ஆள் வேண்டும் என்றே பிராடக்கைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது சுற்றில் பிராடக் கீழே விழுந்தார், எழுந்தார், மூன்றாவது சுற்றில் கிரிபினை வீழ்த்தினார். அதன்பின் அதே வருஷத்தில் ஜான் ஹென்றி லூயிஸையும், 1935 மார்ச்சில் ஆர்ட் லாஸ்கியையும் ஜெயித்தார். இந்த மூவரையும் ஜெயித்ததனால் பேருக்கு எதிரில் நிற்கும் தகுதி வந்தது.

சண்டையன்று என்ன நடந்தது? பேர் எதிரியை மதிக்கவில்லை. பயிற்சிக் காலத்திலும் விளையாட்டுத்தனமாகவே இருந்தார். மேடையிலும் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பிராடக் சிரிக்கவில்லை. இடது கையை நீட்டி நீட்டிக் குத்தி, பேரின் வலது கைக்கு எட்டாமல் விலகி, ஒவ்வொரு சுற்றாகப் புள்ளி சேர்த்தார். பேர் விழித்துக்கொண்டபோது நேரம் போய்விட்டது. பதினைந்து சுற்றும் முடிந்ததும் நடுவர்கள் ஒருமனதாகப் பிராடக்குக்குப் பட்டம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

தோழர்களே! இனிமேல்தான் விஷயம். இதற்கு ஜனங்கள் சொன்ன காரணங்களைக் கேளுங்கள்.

முதலாவது, அந்த மைதானமே ராசியில்லாத மைதானம் என்றார்கள். ஏனெனில் 1932-ல் ஷ்மெலிங் அங்கே ஷார்க்கியிடம் பட்டத்தை இழந்தார். 1933-ல் ஷார்க்கி அங்கே கார்னெராவிடம் இழந்தார். 1934-ல் கார்னெரா பேரிடம் இழந்தார். 1935-ல் பேர் பிராடக்கிடம் இழந்தார். நாலு வருஷம், நாலு சாம்பியன்கள், நாலு தோல்வி! மண்ணுக்கு ராசியில்லை என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும் என்று கேட்டார்கள். நாம் கேட்கிறோம்: அதே மண்ணில்தானே நாலு பேர் ஜெயித்தார்கள்? தோற்றவனுக்கு ராசியில்லாத மண், ஜெயித்தவனுக்கு மட்டும் ராசியுள்ள மண்ணாய்ப் போனது எப்படி? இருவர் சண்டையிட்டால் ஒருவர் தோற்பார் என்பதற்கு மண் என்ன செய்யும்? பிறகு அந்த மைதானத்தை இடித்துவிட்டார்கள். சாம்பியன்கள் தோற்பது அதனால் நின்றுவிட்டதா?

இரண்டாவது, அன்றைய தேதி பதின்மூன்று. வெள்ளைக்காரர்களில் அநேகர் பதின்மூன்று என்றால் பயப்படுகிறவர்கள். பேருக்கு அது கெட்ட நாள் என்றால் பிராடக்குக்கு அது எந்த நாள்? இருவருக்கும் காலண்டர் ஒன்றுதானே!

மூன்றாவது, பத்திரிகைக்காரர்கள் அவருக்கு "சிண்டரெல்லா மனிதன்" என்று பெயர் வைத்தார்கள். சிண்டரெல்லா என்பது, அடுப்படியில் கிடந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஒரு தேவதை வந்து பட்டாடையும் வண்டியும் கொடுத்து, அரச குமாரனுக்கு மனைவியாக்கிய கட்டுக்கதை. பிராடக்கிடம் எந்தத் தேவதை வந்தது? அவர் மூட்டை இறக்கிய காலத்தில் எந்தத் தேவதையும் ஒரு மூட்டைக்குக் கை கொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

உண்மைக் காரணம் மிகவும் எளியது. வலது கை உடைந்திருந்ததால் துறைமுகத்தில் அவர் இடது கையால் வேலை செய்தார். அதற்கு முன் அவருடைய இடது கை அவ்வளவு பலமுள்ளதல்ல. கூலி வேலை அதைப் பலப்படுத்திவிட்டது. வலது கைக்கோ, ஆறுவதற்கு அவகாசம் கிடைத்தது. எதிரி அலட்சியமாக இருந்தார். இவர் ஜாக்கிரதையாக இருந்தார். இவ்வளவுதான். இதில் விதி எங்கே, ராசி எங்கே, தேவதை எங்கே?

ஆனால் தோழர்களே, இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடந்தான் நாம் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "பார்த்தீர்களா, ஏழை பொறுமையாக உழைத்தால் மேலே வரலாம், வராதவன் சோம்பேறி" என்று அவர்கள் சொல்லுகிறார்கள். இது ராசியைவிட மோசமான மூடநம்பிக்கை. அந்தத் துறைமுக வட்டத்தில் பிராடக்கோடு நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் உழைக்க மறுத்தவர்களா? மேஸ்திரியின் விரல் அவர்கள் பக்கம் திரும்பவில்லை என்பதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன? பிராடக்குக்குக்கூட, இரண்டு நாளில் வேறு ஆள் அகப்பட்டிருந்தால் கிரிபின் சண்டை கிடைத்திராது; அரசாங்க உதவிப் பணம் வராமலிருந்தால் அவருடைய குழந்தைகள் பட்டினி கிடந்திருப்பார்கள். ஒரு சாம்பியனை உலகம் பார்த்ததற்கு அந்த உதவிப் பணமும் ஒரு காரணம். கையில் பணம் வந்ததும் அவர் அதைத் திருப்பிக் கட்டினார். அது அவருடைய மானத்தைக் காட்டுகிறது, மெச்சுகிறோம். ஆனால் திருப்பிக் கட்ட வழியில்லாத லட்சக்கணக்கானவர்கள் மானமற்றவர்கள் என்று அதற்கு அர்த்தமல்ல.

இன்னொன்றையும் கேளுங்கள். தோற்றுத் தோற்று வந்த வெள்ளைக்காரர் பிராடக்குக்காவது ஒரு நாள் மேடை ஏறச் சந்தர்ப்பம் கிடைத்தது. ஜெயித்து ஜெயித்து வந்த கறுப்பர்களுக்குக் கிடைத்ததா? ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் 1908-ல் இந்தப் பட்டத்தைப் பெற்றார், 1915-ல் இழந்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷ காலம் எந்தக் கறுப்பரையும் அந்த மேடையில் பட்டத்துக்காக ஏற விடவில்லை. ஹாரி வில்ஸ் என்ற கறுப்பர் 1920-களில் சாம்பியன் டெம்ப்சியோடு மோதத் தக்கவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டும், அந்தச் சண்டை நடக்கவே இல்லை. பிறவியில் உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதை மேடையில் நிரூபிக்கப் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டார்கள். நிஜமாகவே உயர்ந்தவனுக்குக் கதவு எதற்கு?

அந்தக் கதவு திறந்தது பிராடக் காலத்தில்தான். 1937-ம் வருஷம் ஜூன் 22-ந் தேதி சிக்காகோ நகரத்தில் அவர் ஜோ லூயிஸ் என்ற கறுப்பரோடு பட்டத்துக்கு மோதினார். இதைப் பிராடக்கின் தர்ம குணம் என்று நாம் சொல்லமாட்டோம். ஒப்பந்தத்தில், வருங்காலப் பட்டச் சண்டைகளின் லாபத்தில் பத்து வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தமக்கு என்று அவருடைய மானேஜர் ஜோ கூல்ட் எழுதி வாங்கிக்கொண்டார். காரணம் எதுவானாலும் கதவு திறந்தது. முதல் சுற்றில் பிராடக் லூயிஸைக் கீழே தள்ளினார். எட்டாவது சுற்றில் லூயிஸ் பிராடக்கை வீழ்த்தினார். பிறகு 1949-ல் தாமாக விலகும் வரை பட்டம் லூயிஸிடமே இருந்தது. இருபத்திரண்டு வருஷம் தள்ளி வைக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர், ஏறக்குறைய பன்னிரண்டு வருஷம் அசைக்க முடியாதவராக இருந்தார்! பிறவி உயர்வு என்ற பேச்சு எங்கே போயிற்று?

பிராடக் பிறகு கௌரவமாகவே வாழ்ந்து, 1974-ல் காலமானார். சாம்பியனாக இருந்தவர் என்பதற்காக வேலையை இழிவாக நினைக்கவில்லை. 1964-ல் திறக்கப்பட்ட வெரசானோ பாலம் கட்டும் வேலையிலும் பாடுபட்டார்.

ஆகவே தோழர்களே! எளியவன் ஒருவன் ஜெயித்தான் என்று கேள்விப்பட்டால் கை தட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கை தட்டிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். அவன் ஜெயித்ததற்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் என்ன? அவனோடு நின்றவர்களில் மேடை ஏற முடியாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை ஏறவிடாமல் தடுத்தவர்கள் யார்? இந்த மூன்றையும் கேட்காதவன் வேடிக்கை பார்த்தவனேயாவான். கேட்கிறவனைக் கண்டுதான், வட்டத்தின் நடுவே நின்று விரல் காட்டும் மேஸ்திரிக்குப் பயம் வரும்.