மாட்டின் வாயில் கைவிடாதீர்கள்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்காகப் பதுளையில் நடந்த வகுப்பில், ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்தி போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை.)



சம்பளம், சேமலாப நிதி, காணி உரிமை என்று காலையிலிருந்து பேசிக் களைத்துப்போயிருப்பீர்கள். இப்போது மாட்டையும் நாயையும் பற்றிப் பேசப்போகிறேன். சங்கத்துக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்த மாதத்தில் கடைக்கடனை எதைக்கொண்டு அடைத்தீர்கள் அண்ணே? பால் காசைக்கொண்டுதானே?

பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். நான் வேலையில் இருந்த காலம். ஒரு காலையில் ஆள் வந்து, "ஐயா, மாட்டுக்குத் தொண்டையில் என்னமோ சிக்கியிருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். நல்ல கறவைப் பசு. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிகிறது. தண்ணீர் குடிக்க முடியவில்லை. கத்துகிறது, ஆனால் குரல் கட்டிப்போன ஆளின் சத்தம்போல வருகிறது. பின்கால் இரண்டும் தள்ளாடுகின்றன. சாணம் போட முக்கிக்கொண்டே இருக்கிறது.

நான் போவதற்குள் மூன்று பேர் அதன் வாயைத் திறந்து முழங்கை மட்டும் கையைவிட்டுத் துழாவிவிட்டார்கள். ஒருவர் இஞ்சிச் சாற்றைப் போத்தலில் ஊற்றிப் புகட்டியிருந்தார். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வெலிமடைப் பக்கத்திலிருந்து கழித்த கிழங்கும் கரட்டும் வாங்கிப் போடுகிறோம். சில வேளை அது உண்மையாகவே தொண்டையில் சிக்கும்.

நாய் ஏதும் கடித்ததா என்று கேட்டேன். இல்லை, இல்லை என்றார்கள். கடைசியில் ஒரு பாட்டிதான் சொன்னார்: இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊர் தெரியாத நாயொன்று பட்டிக்குள் புகுந்து ஓடியதாம். நாலாம் நாள் மாடு செத்தது. தலையைக் கொழும்புக்கு அனுப்பினோம். பொறளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பதில், விசர்நாய்க்கடி நோய்.

கொழுந்து பறிக்கிற கையில், கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கையில், வெடிப்பும் கீறலும் இல்லாத கை உண்டா? இந்தக் கிருமி எச்சிலில் இருக்கிறது. கடிக்கத்தான் வேண்டும் என்றில்லை, புண்ணில் எச்சில் பட்டால் போதும். உள்ளே போனதும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலருக்குச் சில வாரங்களிலும் வரும், அபூர்வமாக ஒரு வருடம் கழித்தும் வரும். அதனால்தான் கடியை மறந்துவிடுகிறோம். மூளைக்கு ஏறி, தண்ணீரைக் கண்டு நடுங்கத் தொடங்கிய பிறகு எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஏறுவதற்கு முன்னால் ஊசி போட்டால் காப்பாற்றலாம். அந்தத் தோட்டத்தில் மாட்டைத் தொட்ட ஏழு பேரும் ஊசி போட்டார்கள். ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பச்சைப் பால் குடித்தவர்களும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொதிக்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். எந்த மாட்டுப் பாலையும் காய்ச்சாமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

நாயிலும் இதே ஏமாற்று வேலை உண்டு. விசர் நாய் என்றால் கண் சிவந்து, கண்டவரையெல்லாம் கடிக்கும் என்று நினைக்கிறோம். அப்படியும் வரும். ஆனால் கடிக்காத விசரும் இருக்கிறது. நாய் இருட்டு மூலையில் போய்ப் படுக்கும். தாடை தொங்கும், எச்சில் வடியும், குரைப்பு மாறும். எலும்பு சிக்கியது என்று பிள்ளைகள் பாவப்பட்டு வாய்க்குள் விரலை விடுவார்கள். மாடோ நாயோ, எச்சில் வடிந்து விழுங்க முடியாமல் நின்றால் கையை விடாதீர்கள். மாட்டைத் தனியே கட்டிவிட்டு மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

எச்சில் வடிகிறதெல்லாம் விசரும் அல்ல. கால்வாய் நோயிலும் வடியும். அதில் நாக்கிலும் குளம்பின் இடுக்கிலும் கொப்புளம் இருக்கும், மாடு நொண்டும், பக்கத்துப் பட்டிக்கும் சீக்கிரம் பரவும். 2014இல் நாட்டின் பல பகுதிகளில் பரவியது நினைவிருக்கும். அதற்கும் வரும்முன் ஊசிதான். மடிவீக்கம் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு இன்னொரு நாள் வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: கறக்குமுன் கையையும் மடியையும் கழுவுங்கள். மருந்து போட்ட மாட்டின் பாலை, வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை ஊற்றாதீர்கள்.

இனிக் கடி. கடிபட்டதும் ஓடவேண்டியது பீலிக்கு. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில், முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய் எதுவும் வேண்டாம். மந்திரிக்கப் போகிறவர்கள் ஊசி போட்டுவிட்டுப் போங்கள், நான் தடுக்கமாட்டேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் துணி கட்டிக்கொண்டு வந்து படுத்துவிடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம். முகம், தலை, விரல் என்று நரம்பு நிறைந்த இடத்தில் கடி இருந்தால், ஆழமாக இருந்தால், சீரமும் தேவைப்படலாம். அதைத் தீர்மானிப்பது டாக்டர். நாய் உயிரோடு இருந்தால் அடித்துக் கொல்லாமல் கட்டிவைத்துப் பாருங்கள். பதினான்கு நாளில் அது நோயில் விழுந்தாலும், செத்தாலும், காணாமல் போனாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. ஊசி ஒரே நாளில் முடிகிறதில்லை. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு முப்பதாம் நாள் என்று நாலைந்து தடவை வரச் சொல்வார்கள். மடுல்சீமையிலிருந்தோ நமுனுகுலையிலிருந்தோ பதுளைக்கு வந்து போனால் அன்றைய பேர் போகும், பஸ் காசும் போகும். இரண்டு ஊசியோடு, "காயம் ஆறிவிட்டது ஐயா" என்று நின்றுவிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். காயம் ஆறுவதற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே மலையில் வேலை செய்யும்போது கடிபட்டால், வேலை நேரத்தில் நேர்ந்த காயம் என்று அன்றைக்கே எழுத்தில் பதியச் சொல்லுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் அதன்கீழ் வாதாடச் சங்கத்துக்குக் கையில் ஒன்றும் இராது.

1973ஆம் ஆண்டில் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் செத்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 20, 30 பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது நாய்களுக்குப் போட்ட ஊசியும் மனிதருக்குப் போட்ட ஊசியும். ஒரு இடத்தில் நூற்றுக்கு எழுபது நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் லயங்களில் அந்த எழுபது ஏன் வருவதில்லை? ஊசிக்காரர் கிழமை நாளில், பத்து மணிக்கு வருகிறார். அந்த நேரம் நாய் எங்கே? கொழுந்துக்கூடைக்குப் பின்னால் மலையேறிப் போயிருக்கும். பிடித்துக்கொடுக்க வேண்டிய ஆளும் மலையில். லயத்தில் மிஞ்சியிருக்கிற வயதானவர்களால் பிடிக்க முடியாது. டவுனிலிருந்து வண்டியில் கொண்டுவந்து தோட்ட எல்லையில் விட்டுப்போகிற பெட்டைக்குட்டிகளுக்கோ சொந்தக்காரரே இல்லை. லயமே சோறு போடுகிறது, யார் நாய் என்று கேட்டால் யாரும் கை தூக்குவதில்லை.

எனவே ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சங்கத்தின் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். தமிழும் சிங்களமும் இரண்டிலும் எழுதுங்கள், சீக்கிரம் வேலை நடக்கும். கடிதத்தில் எண்ணிக்கை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை மருந்து கொண்டுவருவது என்று அவர்களுக்குத் தெரியாது. தலைவிமார் ஒவ்வொருவரும் உங்கள் லயத்தில் எத்தனை நாய் என்று எண்ணி, அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாருங்கள். குட்டிகளையும் சேர்த்து எண்ணுங்கள். சொந்தக்காரர் இல்லாததையும் எண்ணுங்கள்.