இலவச டிசைனும் 5208 என்ற எண்ணும்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாதவரம் பால்பண்ணைப் பக்கத்திலிருந்து இங்கே படிக்க வந்தவன் நான். இன்றைக்கும் மாதவரத்தில்தான் இருக்கிறேன். மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்கூடங்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை.

ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். கடைசி வருஷ பிராஜெக்டை நான் செய்யவில்லை, காசு கொடுத்து வாங்கினேன். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. எஃப்.பி.ஜி.ஏ. என்பது, நமக்கு வேண்டிய மின்சுற்றை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளும் சிப். அந்தப் போர்டைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் யூ.ஏ.ஆர்.டி. டிசைன்தான் நான் வாங்கியது. வைவாவில் அழகாக ஓடியது. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இந்த 5208 எங்கேயிருந்து வந்தது?" வாயைத் திறக்க முடியலை.

பதில் கிடைத்தது பல வருஷம் கழித்து, முதல் ஆர்டர் சமயத்தில். அதே டிசைனைப் புதுப் போர்டில் ஏற்றினேன். திரையில் வந்ததெல்லாம் கிறுக்கல். மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. கடைசியில் பார்த்தால், பழைய போர்டின் கடிகாரம் நொடிக்கு 5 கோடித் துடிப்பு. அதை 9600 வேகத்தால் வகுத்தால் 5208. புதுப் போர்டிலோ 10 கோடி. அங்கே 10417 என்று போட வேண்டும். இவ்வளவுதான் சங்கதி!

தம்பி தங்கைகளே, இந்த டிசைன்களுக்குக் காசே கொடுக்க வேண்டாம். 1999-ல் தொடங்கிய ஓப்பன்கோர்ஸில் தேடலாம். அதைவிட, நம்ம கிண்டிக்குப் போங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' பிராசஸர் திட்டம், பிராசஸரோடு யூ.ஏ.ஆர்.டி., எஸ்.பி.ஐ., ஐ-ஸ்கொயர்-சி இணைப்புகளின் டிசைனையும் திறந்தே வைத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் ஆர்ட்டி போர்டிலேயே அதை ஓட்டிப் பார்க்கலாம். அது ப்ளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது. அதை வெரிலாக்காக மாற்றும் கம்பைலரும் 2020 முதல் இலவசம்.

ஆனால் இலவசமாக வந்தது அப்படியே நம் போர்டுக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, கடிகார வேகம். என் கதையே சாட்சி.

இரண்டு, பின் விவரம். எந்தக் கம்பி எந்தக் காலில் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். போர்டு செய்தவர்கள் தரும் பின் கோப்பைத்தான் நம்ப வேண்டும்.

மூன்று, வோல்டேஜ். ஆர்ட்டியின் பிமாட் இணைப்புக் கால்கள் 3.3 வோல்ட். அதில் 5 வோல்ட் சென்சாரை நேராகச் செருகினால் சிப் போய்விடலாம்.

நான்கு, லைசென்ஸ். சக்திக்கு பி.எஸ்.டி. லைசென்ஸ். எழுதியவர்களின் காப்புரிமைக் குறிப்பையும் நிபந்தனைகளையும் நீக்காமல், விற்கும் பொருளிலும் பயன்படுத்தலாம். ஜி.பி.எல். என்றால், அதை வைத்துச் செய்ததை மற்றவருக்குக் கொடுக்கும்போது உங்கள் மூலத்தையும் தர வேண்டி வரும்.

அடுத்தவர் டிசைனை எடுப்பது தப்பில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். அதில் ஓர் எண்ணையாவது நீங்களே மாற்றி, என்ன ஆகிறது என்று பாருங்கள். பரீட்சகர் கேட்டால் வாய் திறக்கும்.

வீட்டில் கம்மல் கம்மலாகவே இருக்கட்டும். போர்டு இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை என் பட்டறைக்கு வாங்க. இரண்டு போர்டு சும்மாதான் கிடக்கிறது.