ஒளிப்பேழையும் ஒரு தொகைநூலே

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்து வந்த நம் வட்டம், அவற்றுள் தேர்ந்தவற்றை மலராகத் தொகுக்க முனைந்திருக்கிறது. ஆகவே 'தொகுத்தல்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். எட்டுத்தொகையிலிருந்து தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டதோ, இங்கிலாந்து நாட்டின் குவீன் என்னும் ராக் இசைக்குழு வெளியிட்ட ஒளிப்பேழைத் தொகுப்பு. இலக்கிய மேடையில் வீடியோ கேசட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தொகுப்பது காப்பது மட்டுந்தானா, அதுவும் ஒரு படைப்புச் செயலா என்னும் வினாவுக்கு அந்தப் பேழை தெளிவான விடை தருகிறது. அதனாலேயே அதனை இங்குக் கொணர்ந்தேன்.

முதலில் அதன் தோற்றத்தைக் காண்போம். 1975ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' இசைத்தட்டு வெளிவந்தது. ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் பாட்டு. நடுவே நாடக இசைபோல் குரல்மேல் குரல் அடுக்கிய ஒரு பகுதி. பாட்டு விற்பனையில் ஏறினால் பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் தோன்றியாக வேண்டும். குழுவினரோ ஊர் ஊராகச் சென்று பாட ஆயத்தமாகிக்கொண்டிருந்தனர். மேலும், அத்தனை அடுக்குக் குரலையும் மேடையில் நின்று வாயசைத்துக் காட்டினால் நகைப்புக்கே இடமாகும். எனவே நவம்பரில் எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில், புரூஸ் கோவர்ஸ் இயக்க, சில மணி நேரத்துக்குள் ஒரு படத்தை எடுத்து அனுப்பிவைத்தனர். தாம் செல்ல இயலாத இடத்துக்குத் தம் நிழலை அனுப்பினார்கள் எனலாம்.

இருளில் மேல்நோக்கிய நான்கு முகங்கள் அப்படத்தின் அடையாளம். 1974இல் குழுவின் இரண்டாம் இசைத்தட்டு உறைக்காக மிக் ராக் எடுத்த ஒளிப்படத்திலிருந்து வந்தது அது. அவ்வொளிப்படத்துக்கு மூலமோ, 1932இல் வெளியான 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' திரைப்படத்துக்காக எடுக்கப்பட்ட மார்லின் டீட்ரிக்கின் படம். ஒரு முகம் பலவாகப் பெருகி ஓடும் காட்சியைப் படம்பிடிக்கும் போதே செய்து முடித்தனர். கேமராவைத் திரையை நோக்கித் திருப்பி, பிம்பம் பிம்பத்தையே பெறச் செய்தனர். அந்தக் குரல் அடுக்கைப் பாடியவர்கள் ஃபிரெடி மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் ஆகிய மூவரே. திரையில் ஜான் டீக்கனும் சேர்ந்து நான்கு முகங்கள் பாடுகின்றன. கலை எங்கே மெய்யை விட்டு விலகித் தன் உண்மையை நாடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

அப்பாட்டு இங்கிலாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. படத்தின் நிலை வேறு. தொலைக்காட்சியில் ஓடும், மறையும். பார்ப்பவர் அதை நிறுத்தி வைக்க முடியாது, திரும்ப அழைக்கவும் முடியாது. தட்டு விற்றுத் தீர்ந்தால் அதன் பணியும் முடிந்தது. இன்று விளம்பரத் தாளை நாம் எப்படி மதிக்கிறோமோ, அப்படித்தான் இத்தகைய படங்களை அன்று மதித்தார்கள்.

இந்நிலையை மாற்றியது வீட்டுக்குள் வந்த ஒளிநாடா. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இலும் ஜப்பானில் அறிமுகமாயின. 1980இல் பிளாண்டி என்னும் குழு, டேவிட் மாலெட் இயக்கத்தில் ஒரே இசைத்தட்டின் எல்லாப் பாட்டுகளுக்கும் படம் எடுத்துப் பேழையாக வெளியிட்டது. குவீன் குழு செய்தது வேறொன்று. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தேவைக்காக எடுத்துச் சிதறிக் கிடந்தவற்றை ஒருங்கு திரட்டி, 1981இல் 'கிரேட்டஸ்ட் ஃபிளிக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. முன்னது ஒரே புலவர் ஒரே முனைப்பில் பாடிய நூல் போன்றது, பின்னது தொகைநூல்.

அன்பர்களே, இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். தனித்தனியே கிடந்தபோது ஒவ்வொரு படமும் ஒரு பாட்டை விற்க வந்த ஏவலாள். வரிசையில் நின்றதும் அந்த ஏவல் உதிர்ந்துவிடுகிறது. இளைஞர் நால்வரின் தோற்றம் மாறுவதும், மேடையின் ஆரவாரம் பெருகுவதும், துணிவு கூடுவதும் கண்முன் விரிகின்றன. எந்தத் தனிப்படத்திலும் இல்லாத ஒரு பொருள் தொகுப்பில் பிறக்கிறது: அதுதான் காலம்.

தொகுப்பவர் சந்திக்கும் இன்னொரு சிக்கல், இல்லாமை. 1981இல் டேவிட் போவியுடன் இணைந்து குவீன் பாடிய 'அண்டர் பிரஷர்' பாட்டுக்குப் படமெடுக்க இரு தரப்பாரும் வர இயலவில்லை. டேவிட் மாலெட் பழைய படச்சுருள்களை நாடினார். 'நோஸ்ஃபெராட்டு', 'பொட்டெம்கின்' முதலிய ஊமைப் படங்களின் துண்டுகளையும், நகர நெரிசல், இடிந்து விழும் கட்டடங்கள் ஆகியவற்றின் காட்சிகளையும் கோத்தார். பாடியவர் ஒருவர்கூட அதில் தோன்றுவதில்லை. ஆயினும் பாட்டின் நெருக்கடி முழுதும் அதில் இருக்கிறது.

நம் தொகையாசிரியர்களும் இல்லாமையை எதிர்கொண்டவர்களே. புலவரின் பெயர் தெரியாதபோது அவர் பாட்டின் தொடரையே பெயராக்கிச் 'செம்புலப் பெயனீரார்' என வழங்கினார்கள். பெயர் தொலைந்தவருக்குக் கவிதையே பெயரான பேறு அது. ஆனால் தொலைந்தே போனவையும் உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அவ்விடங்களை எதனாலும் இட்டு நிரப்பாமல், வெறுமையை வெறுமையாகவே காட்டி நிற்கின்றன பதிப்புகள். நிரப்புவதும் ஒரு நேர்மை, நிரப்பாது விடுவதும் ஒரு நேர்மை. எங்கே எது தகும் என்று அறிவதுதான் தொகுப்பவரின் கடமை.

இனி, என் உரையின் மையத்துக்கு வருகிறேன். 1991 அக்டோபரில் இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. அப்போது ஃபிரெடி மெர்க்குரி கடும் நோயுற்றிருந்தார். சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராட்டிரத்தின் பஞ்சகனியில் பள்ளிக் கல்வி பயின்றவர் அவர். அவ்வாண்டு மே மாதத்தில் கடைசி முறையாகக் கேமராவின்முன் நின்றார். மெலிவு தெரியாதிருக்க அப்படத்தைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டனர். பின்னர் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டுக்குப் படம் வேண்டியிருந்தபோது அவரால் வர இயலவில்லை. முந்தைய படங்களிலிருந்தும் மேடை நிகழ்ச்சிகளிலிருந்தும் துண்டுகளை எடுத்து இணைத்தே அப்படத்தை உருவாக்கினர்.

எண்ணிப் பாருங்கள். முதற்படம் பிறந்தது, பாடகர்கள் வேறோர் ஊரில் பாடச் செல்ல இருந்ததால். இப்படம் பிறந்தது, பாடகர் இனி எங்குமே பாடச் செல்ல முடியாததால். தொகுப்புக்குள் இடம்பெற்ற ஒரு படமே மற்றப் படங்களின் தொகுப்பாக இருக்கிறது. உடல் ஒத்துழைக்க மறுத்த வேளையில், சேர்த்து வைத்திருந்த பழைய அசைவுகள் அவருக்காக எழுந்து ஆடின. தொகுப்பு வெளிவந்த சில வாரங்களில், நவம்பர் 24ஆம் நாள், 45ஆம் அகவையில் அவர் மறைந்தார். விற்பனைக்காக எடுத்தவை என்று எவரேனும் அத்துண்டுகளை எறிந்திருந்தால், அந்த விடைபெறுதலுக்குச் சொற்கள் கிடைத்திருக்குமா?

ஒளிநாடாவும் நிலைத்ததன்று. ஓட ஓடத் தேயும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஓலைக்குச் செல் எப்படியோ, நாடாவுக்குக் காலம் அப்படி. வி.எச்.எஸ். கருவி செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் படங்கள் 2002, 2003ஆம் ஆண்டுகளில் டி.வி.டி. வட்டுக்கு ஏறின. பின்னர் இணையத்துக்கு ஏறின. 2019 ஜூலையில் 'பொஹீமியன் ராப்சடி' யூடியூபில் 100 கோடிப் பார்வைகளைக் கடந்தது. ஏடு பெயர்த்து எழுதுவோர் இருக்கும் வரை ஏடு அழிவதில்லை.

கவிஞர் பெருமக்களே! ஒரு கூட்டத்துக்காக, ஒரு வாழ்த்துக்காக, ஓர் இரங்கலுக்காக என்று எழுதிப் படித்துவிட்டு நாம் மறந்த தாள்கள் எத்தனை! பயன் முடிந்தது எனக் கருதி அவற்றை எறிந்துவிடாதீர்கள். எழுதிய நாளையும் இடத்தையும் குறித்து வையுங்கள். மலர்க் குழுவினரிடமும் ஒரு வேண்டுகோள். சிறந்தவற்றை மட்டுமே தேடாதீர்கள், வரிசையையும் தேடுங்கள். இந்தப் பத்தாண்டில் நம்மைப் பிரிந்தவர்களின் பக்கங்களை முன்னும் பின்னும் உள்ள குரல்களோடு சேர்த்து வையுங்கள். அவர்கள் இனிப் புதிதாக எழுதப்போவதில்லை. அவர்கள் புதிதாகப் பேச வேண்டுமானால், அது நம் அடுக்கினால்தான் இயலும்.