கப்பலுக்கு மின்சாரம்: செலவை யார் ஏற்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் பயண முகவர் கடைகளில் உல்லாசக் கப்பல் விளம்பரங்களைப் பார்க்கலாம். மூன்று இரவு, நான்கு இரவு, பினாங்கு, புக்கெட். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் குடும்பங்கள் லிட்டில் இந்தியாவில் தங்கி, முஸ்தஃபாவில் சாமான் வாங்கி, பிறகு மரினா பேயில் கப்பல் ஏறுகின்றன. சிங்கப்பூரிலிருந்து உல்லாசக் கப்பல் ஏறுவோரில் இந்தியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே கப்பலின் புகையைப் பற்றிப் பேசுவதைக் கப்பல் முதலாளிகளின் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தொழிலில் நம் கடைத்தெருவுக்கும் பங்கு உண்டு.

நெறியாளர் எனக்குக் கொடுத்த கேள்வி இது: துறைமுகத்தில் நிற்கும் உல்லாசக் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டுமானால், அதற்கான செலவை யார் ஏற்பது?

முதலில் புகை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கப்பல் கரையில் கட்டப்பட்டதும் இயந்திரம் நின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உந்தும் இயந்திரம் மட்டும்தான் நிற்கிறது. குளிர்சாதனம், சமையற்கூடம், மின்தூக்கி, சலவை, விளக்கு எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காகக் கப்பலுக்குள் இருக்கும் மின்னாக்கிகள் எண்ணெயை எரிக்கின்றன. பெரிய உல்லாசக் கப்பலுக்கு ஏழு மெகாவாட் அளவில் மின்சாரம் தேவைப்படலாம். காலையில் வந்து மாலையில் புறப்படும் கப்பல் ஒன்பது மணி நேரம் நின்றால் 63,000 யூனிட். நம் வீவக நான்கறை வீடு மாதத்துக்கு ஏறத்தாழ 380 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலின் ஒரு பகல் நேரத்து மின்சாரம் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். அதற்கு எரியும் எண்ணெய் சுமார் 13 டன்.

அந்த எண்ணெய் எப்படிப்பட்டது? 2020ஆம் ஆண்டு தொடங்கி உலகெங்கும் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் வரம்பு 0.5 விழுக்காடு. முன்பு 3.5 விழுக்காடாக இருந்தது என்பதால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடும் லாரிக்கும் பேருந்துக்கும் 2013 முதல் வரம்பு 0.001 விழுக்காடு. அதாவது கப்பலுக்கு நாம் அனுமதிக்கும் கந்தகம் லாரிக்கு அனுமதிப்பதைப்போல் 500 மடங்கு. ஐரோப்பியத் துறைமுகங்களில் நிற்கும் கப்பலுக்கு 2010லிருந்தே 0.1 விழுக்காடுதான் வரம்பு.

ஹார்பர்ஃபிரண்டில் கப்பல் நிற்கும் இடத்துக்கும் தெலுக் பிளாங்கா புளோக்குகளுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நம் முன்னோர் குடியிருந்ததும் அந்த வட்டாரங்களில்தான். மரினா பே நிலையத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையில்தான் கூசு தீவுக்குப் போகும் பக்தர்கள் படகு ஏறுகிறார்கள்.

கரை மின்சாரம் வந்தால் அந்தக் கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடும் நுண்துகளும் அந்த இடத்தில் அநேகமாக இல்லாமல் போய்விடும். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கரியமில வாயு அந்த அளவுக்குக் குறையாது. நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கரியமில வாயு கப்பலில் சுமார் 0.7 கிலோ என்றால் நம் மின்கட்டமைப்பில் சுமார் 0.4 கிலோ. குறைவது நாற்பது விழுக்காடு போல. எனவே இதைப் பருவநிலைத் திட்டம் என்று விளம்பரப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இது நுரையீரலுக்கான திட்டம். அப்படிச் சொல்லியே பணம் கேட்கலாம்.

இப்போது பணத்துக்கு வருவோம்.

அலாஸ்காவில் ஜூனோ என்றொரு சிற்றூர். மலைகளுக்கு நடுவே இருப்பதால் கப்பல் புகை அப்படியே தங்கிவிடும். மக்கள் பொறுக்காமல் குரல் கொடுத்தார்கள். 1999இல் ஒவ்வொரு கப்பல் பயணிக்கும் 5 டாலர் வரி என்று வாக்களித்து நிறைவேற்றினார்கள். 2001இல் பிரின்செஸ் கப்பல் நிறுவனம் தன் பணம் சுமார் 4.5 மில்லியன் டாலரைச் செலவிட்டு அங்கே கரை மின்சாரத்தை இணைத்தது. உல்லாசக் கப்பலுக்கு உலகத்தில் அதுதான் முதல் முறை. அங்கே நீர்மின்சாரம் மிச்சம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறான கதை நியூயார்க்கின் புரூக்ளின். அங்கே பெரும்பாலும் பொதுப்பணம், சுமார் 21 மில்லியன் டாலர். கப்பல் நிறுவனத்துக்கு யூனிட் 12 காசுக்குக் கொடுத்து, மீதியை நகர நிர்வாகமும் மாநில மின்நிறுவனமும் ஏற்பது என்று 2011இல் உடன்பாடு. 2016இல் வேலை முடிந்தது. பிறகு நடந்தது என்ன? செருகும் சாதனம் ஒரே இடத்தில் நின்றதால் பல கப்பல்களின் இணைப்புவாசலுக்கு அது எட்டவில்லை. சில கப்பல்களில் இணைக்கும் வசதியே இல்லை. அருகிலேயே மின்சாரம் காத்திருக்க, கப்பல்கள் புகை விட்டுக்கொண்டு நின்றன. மக்கள் பணத்தில் கட்டிவிட்டு, பயன்படுத்தியே ஆகவேண்டும் என்று எழுதிவாங்காவிட்டால் இதுதான் கதி.

நமக்குச் செலவு இன்னும் கூடும். அமெரிக்க மின்சாரமும் பெரும்பாலான கப்பல்களின் மின்சாரமும் 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 50 ஹெர்ட்ஸ். மாற்றுவதற்குப் பெரிய அலைவெண் மாற்றி வேண்டும். சவுத்ஹேம்டனில் 2022இல் அமைத்ததற்கு சுமார் 9 மில்லியன் பவுண்டு ஆனது; பாதிக்குக் கிட்டத்தட்ட பொதுநிதி. சியாட்டலில் 2024இல் ஒரே ஒரு துறைக்குக் கடலடிக் கம்பி இழுத்து 44 மில்லியன் டாலர் ஆனது.

என் கருத்து இது. பயணியே கொடுக்கட்டும். 2019இல் சிங்கப்பூர் வழியாக வந்துபோன கப்பல் பயணிகள் 1.8 மில்லியன். ஏறுவோர், இறங்குவோர் இரு சாராரும் அதில் அடக்கம் என்பதால் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஏறும் ஒவ்வொருவரிடமும் 5 வெள்ளி வாங்கினால் ஆண்டுக்கு நான்கரை மில்லியன் வெள்ளி. பத்தாண்டில் 45 மில்லியன். கப்பலில் ஒரு வேளை காப்பிக்குக் கொடுக்கும் காசுதான். ஐந்து வெள்ளிக்காகக் கப்பல்கள் போர்ட் கிள்ளானுக்கு ஓடிவிடும் என்பார்கள். நம்பும்படியாக இல்லை. விமானப் பயணிகளிடம் பசுமை எரிபொருளுக்குத் தீர்வை வாங்கப்போவதாக நம் அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்காக யாரும் சாங்கியைவிட்டு ஓடவில்லை.

அரசாங்கத்துக்கு வேலை இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கோணலை அது நிமிர்த்த வேண்டும். நம் மின்நிலையங்கள் கரிம வரி கட்டுகின்றன. 2024, 2025இல் டன்னுக்கு 25 வெள்ளி. 2026, 2027க்கு 45 வெள்ளி. அந்தச் சுமை மின்கட்டணத்தில் ஏறுகிறது. பன்னாட்டுக் கப்பல் தன் எண்ணெயை நம் துறையிலேயே எரித்தாலும் அதற்கு இந்த வரி கிடையாது. ஆக, கம்பியை இணைத்துக்கொள்ளும் கப்பல் கரிம வரியைச் சுமக்கிறது. புகைவிடும் கப்பல் சுமப்பதில்லை. எண்ணெய் விலை இறங்கும் மாதத்தில் எந்தக் கப்பல் தலைவர் இணைக்கச் சொல்வார்? 2011இல் தொடங்கிய பசுமைத் துறைமுகத் திட்டத்தில், சுத்தமான எரிபொருளுக்கு மாறும் கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணக் கழிவு கொடுத்த அனுபவம் நம் கடல்துறை, துறைமுக ஆணையத்துக்கு இருக்கிறது. அதே வழியில் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டலாம்.

இணைக்க வசதியுள்ள கப்பல்கள் போதாதே என்ற கேள்வியும் வந்தது. பத்தாண்டுக்கு முன்பு அது நியாயமான கேள்வி. 2030 முதல் ஐரோப்பாவின் முக்கியத் துறைமுகங்களில் பெரிய பயணிகள் கப்பல்கள் கரை மின்சாரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கோடையில் ஐரோப்பாவிலும் அலாஸ்காவிலும் ஓடிவிட்டுக் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வரும் கப்பல்கள் அந்த வசதியுடன்தான் வரும்.

ஆகவே சிங்கப்பூரைத் தாயகத் துறைமுகமாகக் கொண்டு ஆண்டு முழுவதும் ஓடும் கப்பல்களிடமிருந்து தொடங்கலாம். அவற்றோடு செய்யும் ஒப்பந்தத்தில் மூன்றே நிபந்தனை போதும்: நின்ற நேரத்தில் எவ்வளவு நேரம் இணைத்தார்கள் என்ற கணக்கை ஒவ்வொரு மாதமும் வெளியிட வேண்டும், இணைக்காத நாளுக்குக் கழிவு கிடையாது, பயணியிடம் வாங்கிய ஐந்து வெள்ளி எங்கே போனது என்பது பயணச்சீட்டிலேயே அச்சாக வேண்டும்.